கழுத்தை நீட்டினால் முகூர்த்தமா? 'கிரேன்' என்னும் ஆங்கில வினையைத் தமிழில் எழுதுவது பற்றி

இளவேனில்:

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் 'கிரேன்' என்னும் சொல் மூன்று இடங்களில் வினையாக வருகிறது. பெயராக வரும்போது அது ஒரு பறவையையும், துறைமுகத்திலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் பாரம் தூக்கும் இயந்திரத்தையும் குறிக்கும் என்பது எனக்குத் தெரியும். வினையாக வந்தால், எதையாவது பார்ப்பதற்காகக் கழுத்தை நீட்டுவது என்று அகராதி பொருள் தருகிறது. பொருள் தெரிந்த பிறகுதான் என் சிக்கல் தொடங்கியது.

முதல் இடத்தில், தாமதமாகும் ரயிலுக்காக நடைமேடையில் காத்திருக்கும் பயணிகள், தண்டவாளம் வளைந்து மறையும் திசையை நோக்கி இந்தச் செயலைச் செய்கிறார்கள். அகராதியை நம்பி, "பயணிகள் கழுத்தை நீட்டினார்கள்" என்று எழுதியனுப்பினேன். பதிப்பாசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் "எந்த முகூர்த்தத்தில்?" என்று மட்டும் எழுதித் திருப்பியனுப்பிவிட்டார். சிரிப்பு வந்தாலும் அவர் கேட்டது நியாயமே. தமிழில் ஒருத்தி கழுத்தை நீட்டினாள் என்றால் தாலிக்குத்தான் நீட்டினாள். ஒருவன் நீட்டினான் என்றால் கத்திக்கு நீட்டினான்.

இரண்டாம் இடத்தில், மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு முதியவள் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தைக் காண்பதற்காக அதையே செய்கிறாள். மூன்றாம் இடத்தில் அதைச் செய்பவை தெருவிளக்குக் கம்பங்கள். மூன்றுக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல் கிடைக்குமா என்று கேட்கவே எழுதுகிறேன்.

மணியாசிரியர்:

அம்மா, முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். இந்த வினையை நான் ஒருபோதும் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லிக் கற்பித்ததில்லை. திருத்திய விடைத்தாள் கட்டை மேசைமேல் வைத்து, மேலிருக்கும் தாளின் மதிப்பெண்ணை உள்ளங்கையால் பாதி மறைத்துக்கொண்டு, எதுவும் பேசாமல் நிற்பேன். முதல் பெஞ்சில் இருப்பவர்களின் முகவாய் தானாக முன்னே வரும். நடுவில் இருப்பவர்கள் தமக்கு முன்னே இருப்பவனின் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்வார்கள். கடைசிப் பெஞ்சுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா நிற்கிறார்களா என்று சொல்ல முடியாதபடி இடையில் தொங்குவார்கள். "இப்போது நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்களே, அதுதான் இந்த வினை" என்பேன். அதன்பிறகு அந்தச் சொல்லை யாரும் மறந்ததில்லை.

அந்த வகுப்பறைக் காட்சியிலேயே சொல்லின் முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது. பார்க்கவேண்டிய பொருள் ஒன்று வேண்டும். அதைச் சரியாகப் பார்க்கவிடாத தடையோ தொலைவோ வேண்டும். அத்தடையை மீறியாவது பார்த்துவிட வேண்டும் என்னும் ஆவல் வேண்டும். இம்மூன்றும் இல்லாமல் கழுத்து மட்டும் நீண்டால் ஆங்கிலேயர் இச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. கழுத்துவலிக்கு மருத்துவர் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியில் கழுத்தை நீட்டச் சொல்லும்போது 'ஸ்ட்ரெச்' என்றுதான் வருமே ஒழிய 'கிரேன்' வராது. ஆனால், கணினித் திரையைப் பார்ப்பதற்காக மணிக்கணக்கில் முகத்தை முன்னே தள்ளிக்கொண்டு உட்காருவதை அதே மருத்துவர் 'கிரேன்' என்பார், ஏனென்றால் அங்கே பார்வை இருக்கிறது.

இலக்கணமும் எளியதே. பெரும்பாலும் 'கழுத்து' என்பதைச் செயப்படுபொருளாகக் கொண்டு வரும். 'தலை' எப்போதாவது வரும். கையோ காலோ வருவதில்லை. செயப்படுபொருள் இல்லாமல், முன்னே, மேலே, சுற்றி என்னும் திசைச்சொற்களோடும் வரும். அப்போது கழுத்து என்று சொல்லாமலேயே கழுத்து புரிந்துவிடும். இயந்திரத்தால் தூக்கி வைப்பது என்னும் பொருளிலும் இதே வினை உண்டு என்பதால், ஒரு படகையோ உத்தரத்தையோ 'கிரேன்' செய்தார்கள் என்று வந்தால் கழுத்தைத் தேட வேண்டாம்.

அடிக்குறிப்பு:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு சொல்லின் வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பறவைக்கு இப்பெயர் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. இயந்திரத்துக்குப் பறவையின் பெயரை இட்டது ஆங்கிலேயரின் கற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. கிரேக்கத்தில் 'கெரனோஸ்' என்பது பறவைக்கும் பாரம் தூக்கும் பொறிக்கும் பொதுவான பெயர். பிரெஞ்சில் 'க்ரூ' இன்றும் இரண்டையும் குறிக்கிறது. ரஷ்ய மொழியில் 'ஷுராவ்ல்' என்னும் இப்பறவையின் பெயர் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றத்துக்கும் வழங்குகிறது. ஜெரேனியம் என்னும் பூச்செடியின் பெயரும் அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே. அதன் காய் இப்பறவையின் அலகைப் போல நீண்டிருக்கும். வம்சாவளியைக் குறிக்கும் 'பெடிக்ரீ' என்னும் ஆங்கிலச் சொல், இப்பறவையின் கால் என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. குடிவழிப் படங்களில் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு இழுக்கும் கோடுகள் பறவையின் விரல்களைப் போலப் பிரிந்திருந்ததே காரணம். ஒரே பறவை அலகையும் காலையும் கழுத்தையும் இத்தனை சொற்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறது.

கழுத்தை நீட்டும் பொருளில் இந்த வினை எழுத்தில் வருவது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அடுத்த சில பத்தாண்டுகளில் வேட்டைக் குதிரையேறிகளிடம் அதற்குச் சுவையான கிளைப்பொருள் ஒன்று உண்டாயிற்று. வேலியைத் தாண்ட வேண்டிய இடத்தில் தாண்டாமல், குதிரையை நிறுத்தி, அப்பக்கம் பள்ளமா மேடா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பவனை இந்தச் சொல்லால் கேலி செய்தார்கள். கவிஞர் பைரன் 1823இல் வெளியிட்ட 'டான் ஜுவான்' 14ஆம் காண்டத்தில் இச்சொல்லை ஆண்டதோடு நில்லாமல், வாசகருக்குப் புரியாமல் போகலாம் என்று அதற்கு விளக்கக் குறிப்பும் எழுதியிருக்கிறார். அப்பொருளில் இச்சொல் கிட்டத்தட்டத் தயங்குவது, பின்வாங்குவது என்றே ஆகிவிடுகிறது. இன்று அப்படி யாரும் சொல்வதில்லை என்றாலும், பழைய கதை எதையாவது மொழிபெயர்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே எனக்கு ஓர் ஐயமும் உண்டு. இங்கிலாந்தில் இப்பறவைகள் கூடு கட்டுவது 1600 வாக்கிலேயே நின்றுபோய், 1970களின் இறுதியில்தான் நார்ஃபோக் பகுதிக்கு அவை மீண்டும் வந்தன. ஆகவே, இந்த வினை பிறந்த காலத்து ஆங்கிலேயர் தம் வயல்களில் பறவையைப் பார்த்திருப்பது அரிது. துறைமுகத்தில் கப்பலுக்கு மேல் நீண்டு வளைந்து நின்ற மரப்பொறியைத்தான் நாள்தோறும் பார்த்திருப்பார்கள். அகராதிகள் பறவையைத்தான் காட்டுகின்றன. எனினும் வினைக்கு உயிர் கொடுத்ததில் பொறிக்கும் பங்கிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வயல்வெளி:

அடிக்குறிப்பு நண்பரின் ஊகம் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் நான் பறவையின் பக்கம் நிற்பவன். பழமொழியிலும் படத்திலும் கதையிலும் ஒரு பறவை, கண்ணில் படாமலேயே நூற்றாண்டுகள் வாழும். நம்மில் எத்தனை பேர் அன்னத்தைப் பார்த்திருக்கிறோம்?

நான் சொல்ல வந்தது வேறு. 'கிரேன்' பறவையை நாம் எல்லோரும் 'கொக்கு' என்று எழுதிவிடுகிறோம். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து வயலில் நிற்கும் கொக்கு வேறு குடும்பம். நாற்றங்கால் வரப்பில் அது நிற்கும்போது கழுத்து நீண்டுதான் இருக்கும். ஆள் நெருங்கியதும் இரண்டு மூன்று முறை சிறகடித்து எழும்பும். எழும்பிய சற்று நேரத்தில் கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, மார்பில் ஒரு முடிச்சு விழுந்ததைப் போலப் பறந்து போகும். மடையானும் சாம்பல் நாரையும் அப்படித்தான். 'கிரேன்' குடும்பத்தில் உலகில் உள்ள 15 இனங்களும் கழுத்தை ஈட்டியைப் போல முன்னே நீட்டிக்கொண்டே பறக்கும். வட இந்திய வயல்களில் ஏறத்தாழ ஆறடி உயரத்துக்கு நிற்கும் சாரசப் பறவையும், ராஜஸ்தானில் கீச்சன் என்னும் ஊருக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வரும் குர்ஜாக்களும் இந்தக் குடும்பம்தான். கீச்சனில் ஒருமுறை விடியற்காலையில் நின்று பார்த்தேன். கீழே தானியம் கொத்திக்கொண்டிருந்த கூட்டத்தில் ஏதோ ஒரு நாய் குரைத்ததும், அத்தனை கழுத்துகளும் ஒரே நேரத்தில் செங்குத்தாக எழுந்து ஒரே பக்கம் திரும்பின. ஆங்கில வினையின் படம் எனக்கு அன்றுதான் முழுதாகக் கிடைத்தது.

ஆகவே, யாராவது இளவேனிலிடம் "கொக்கைப் போலக் கழுத்தை நீட்டினார்கள்" என்று எழுதச் சொல்வதற்கு முன்பாகவே தடுத்துவிடுகிறேன். பறவை தவறு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தமிழில் கொக்கு என்றாலே நினைவுக்கு வருவது அதன் கழுத்தல்ல, அதன் காத்திருப்பு. வள்ளுவர் "கொக்கொக்க கூம்பும் பருவத்து" என்றது ஒடுங்கியிருக்கச் சொல்லித்தான். உறுமீன் வருமளவும் வாடியிருக்கும் கொக்கையும், ஒற்றைக்காலில் தவம் செய்யும் கொக்கையும் கேட்டு வளர்ந்த வாசகன், நடைமேடையில் கொக்கு வந்தால் பயணிகள் பொறுமையாக நிற்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வான். ஆங்கிலக் கதையில் அவர்கள் பொறுமையிழந்து நிற்கிறார்கள்.

கரிசல்:

எல்லோரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டே பேசுகிறீர்கள். தமிழில் இந்தச் செயலைக் கழுத்தைக் கொண்டு சொல்வதே இல்லை என்பது என் கருத்து. எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் தேரோட்டத்தின்போது பின்வரிசையில் நிற்பவர் 'எக்கிப் பார்ப்பார்'. குதிகால் தரையைவிட்டு எழும்பும், வயிறு உள்ளே போகும், மார்பு மேலே ஏறும், கழுத்து கடைசியாக நீளும். இத்தனையும் 'எக்கு' என்னும் ஒரே சொல்லில் இருக்கிறது. கால் தரையைவிட்டு முழுதாக மேலே போனால் அது 'எம்புவது'. உயரத்தில் இருப்பதைத் தாவிப் பிடித்தால் 'எவ்விப் பிடிப்பது'. கோபுர உச்சியைப் பார்க்க முகவாயை மேலே தூக்கிக் கழுத்தைப் பின்னே சாய்த்தால் 'அண்ணாந்து பார்ப்பது'. ஆங்கிலத்தில் ஒரே வினைக்குள் அடங்கும் பார்வைகளை நாம் உடம்பின் நிலையைக் கொண்டு பிரித்து வைத்திருக்கிறோம். இளவேனில் ஒரே சொல்லைக் கேட்பதால்தான் அது கிடைக்கவில்லை.

நடைமேடைக்கு "எட்டிப் பார்த்தார்கள்" என்று எழுதினால் போதும். கழுத்தை வெட்டிவிடுங்கள்.

பனங்கூடல்:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அடிக்குறிப்பு அவர்கள் ரஷ்ய ஏற்றத்தைச் சொன்னதும் எங்கள் துலாக்கிணறுகள் நினைவுக்கு வந்தன. குனிந்து நிமிரும் துலாவைப் பார்த்தால் நீர்ப்பறவை போலவேதான் இருக்கும்; ஆனால் தமிழ் அதற்குப் பறவையின் பெயரை இடவில்லை. நிறுக்கும் கோலைப் போல இருப்பதால் துலா என்றும், நீரை ஏற்றுவதால் ஏற்றம் என்றும் பெயர் வைத்தோம். பாரத்தைத் தூக்குவதால் துறைமுக இயந்திரத்தை இங்கே பாரந்தூக்கி என்கிறோம்.

கரிசல் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் 'எட்டிப் பார்த்தார்கள்' என்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. நாம் அந்தச் சொல்லை மிகவும் தேய்த்துவிட்டோம். "ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை" என்றால் வந்து போகவில்லை என்று பொருள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிறது. அடுத்த வீட்டுச் சண்டையை வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பதில் ஒளிவு மறைவு இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் 'பீப்' என்று தனிச்சொல் உண்டு. 'கிரேன்' செய்பவர் ஒளிவதில்லை. தன்னை யார் பார்க்கிறார் என்னும் நினைப்பே இல்லாமல், பார்க்கவேண்டியதில் முழுதாக ஈடுபட்டிருக்கிறார். பயணிகள் எட்டிப் பார்த்தார்கள் என்று எழுதினால், அவர்கள் ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பியதாகவே எனக்குப் படுகிறது.

மணியாசிரியர்:

பனங்கூடல் சொல்லும் வேறுபாடு மிகவும் சரியானது. அமெரிக்கர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உண்டாக்கிக்கொண்ட 'ரப்பர்நெக்' என்னும் சொல்லையும் இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் பொருளும் கழுத்தை வளைத்துப் பார்ப்பதே. ஆனால் அதில் ஏளனம் ஏறியிருக்கிறது. நெடுஞ்சாலையில் விபத்து நடந்த இடத்தைக் கடக்கும்போது வண்டியின் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அச்சொல் பொருந்தும். 'கிரேன்' என்பதில் பழிப்பு இல்லை. குழந்தையைக் காண வந்த பாட்டியும் செய்யலாம், பட்டமளிப்பு விழாவில் மகனைத் தேடும் தந்தையும் செய்யலாம். கழுத்தை வெளியே நீட்டுவது என்னும் இன்னொரு ஆங்கிலத் தொடர் துணிந்து இடருக்குள் போவதைக் குறிக்கும். அதற்கும் இதற்கும் உறவில்லை.

தலையைத் தாழ்த்தித் தப்பிப்பதற்கு ஆங்கிலத்தில் 'டக்' என்கிறார்கள். அதுவும் வாத்தின் பெயர்தான். ஆனால் அங்கே கதை தலைகீழ்: முங்குவதைக் குறித்த வினை முதலில் இருந்தது, முங்கும் பறவைக்கு அதிலிருந்து பெயர் வந்தது. இங்கே பறவை முதலில், வினை பின்னால்.

இளவேனில்:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கரிசல் ஐயா, கழுத்தை வெட்டிவிடச் சொன்னீர்கள். தெருவிளக்குக் கம்பத்துக்கு என்ன செய்வேன்? அதற்குக் குதிகாலும் இல்லை, வயிறும் இல்லை. கழுத்து மட்டும்தான் இருக்கிறது.

கரிசல்:

ஒப்புக்கொள்கிறேன். கம்பத்துக்கு மட்டும் கழுத்தை விட்டுவையுங்கள். "சாலையின்மேல் கழுத்தை நீட்டிக் குனிந்து நின்ற விளக்குக் கம்பங்கள்" என்று எழுதினால் யாரும் முகூர்த்தம் கேட்க மாட்டார்கள். கழுத்தை நீட்டினாள் என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லி வாக்கியத்தை அங்கேயே நிறுத்தும்போதுதான் தாலி வந்து விழுகிறது. 'நீட்டி' என்று எச்சமாக்கி அடுத்து ஒரு வினையைச் சேர்த்துவிட்டால் வாசகனின் மனம் தாலிக்குப் போகாது. "கழுத்தை நீட்டிப் பார்த்தாள்" என்பதில் யாரும் கல்யாணத்தைத் தேடுவதில்லை.

நடைமேடைக்கும் ஒரு வழி சொல்கிறேன். பனங்கூடல் அவர்களின் குறை ஒரு கணம் என்பதுதானே? அடுக்கிச் சொல்லுங்கள். "எக்கி எக்கிப் பார்த்தார்கள்." ஆவலும் பொறுமையின்மையும் அந்த அடுக்கிலேயே வந்துவிடும்.

அடிக்குறிப்பு:

அடுக்குத்தொடர் நல்ல யோசனை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்கி எக்கி என்றால் ஏறியும் இறங்கியும் பலமுறை செய்ததாகிறது. ஆங்கில வினையோ நீட்டிய கழுத்தை நீட்டியபடியே வைத்திருப்பதையும் குறிக்கும். கீச்சனில் வயல்வெளி பார்த்த கழுத்துகள் எழுந்து அப்படியே நின்றன அல்லவா?

கரிசல்:

ரயிலுக்குக் காத்திருக்கும் மனிதன் அப்படியே நிற்பதில்லை, ஐயா. எக்குவான், காணோம் என்று குதிகாலை இறக்குவான், கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், மறுபடி எக்குவான். கீச்சன் பறவைகளுக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம் இல்லை.

வயல்வெளி:

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

பனங்கூடல்:

முதியவளைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவளால் எக்க முடியாது, எம்ப முடியாது. படுத்திருப்பவள் எட்டிப் பார்த்தாள் என்றால் எழுந்துபோய் ஜன்னலில் நின்றதாகிவிடும். எங்கள் வீட்டில், உடம்பில் இருக்கும் பலத்தையெல்லாம் திரட்டி எழும்ப முயல்வதை 'உன்னி எழும்புவது' என்று சொல்வோம். என் அப்பம்மா கடைசி நாள்களில் வாசற்படலை திறக்கும் சத்தம் கேட்டால் அப்படித்தான் செய்வார். முழங்கையை ஊன்றுவார்; தலை தலையணையிலிருந்து நான்கு விரல் உயரம் எழும்பும்; கழுத்து நரம்பு இரண்டும் தெரியும்; யார் வந்தது என்று பார்த்த பிறகுதான் தலை மீண்டும் தலையணைக்குப் போகும். ஆங்கிலக் கதையில் அந்த முதியவள் செய்வது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மணியாசிரியர்:

தமிழ்நாட்டு வாசகர் சிலருக்கு 'உன்னி' என்றதும் 'உன்னிப்பாக' என்பது நினைவுக்கு வந்து, கூர்ந்து பார்த்தாள் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எனினும் அப்படி எடுத்துக்கொண்டாலும் இங்கே பெரிய கேடு ஒன்றும் இல்லை. அவள் கூர்ந்தும்தான் பார்க்கிறாள். தலையையும் தலையணையையும் வாக்கியத்தில் வைத்துவிட்டால் ஐயம் நீங்கிவிடும்.

இளவேனில்:

மூன்று வரிகளையும் இன்று காலை மாற்றி அனுப்பினேன்.

"வளைவுக்கு அப்பால் புகை ஏதும் தெரிகிறதா என்று பயணிகள் ஒருவர் தோளுக்கு மேலாக ஒருவர் எக்கி எக்கிப் பார்த்தார்கள்."

"முழங்கையை ஊன்றி உன்னி, தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, ஜன்னலில் அந்த மரம் தெரியும் மட்டும் பார்த்தாள்."

"சாலையின்மேல் கழுத்தை நீட்டிக் குனிந்து நின்றன விளக்குக் கம்பங்கள்."

முழங்கை மூலத்தில் இல்லை. பனங்கூடல் அவர்களின் அப்பம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும். பதிப்பாசிரியர் மாலையில் திருப்பியனுப்பினார். முதல் வரியிலும் மூன்றாம் வரியிலும் கை வைக்கவில்லை. இரண்டாம் வரியில் முழங்கையின் கீழே மட்டும் கோடிட்டு, "இது மூலத்தில் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று நாளைக்குச் சொல்ல வேண்டும்; எடுத்துவிடச் சொன்னால் அந்த வாக்கியத்தில் 'உன்னி' தனியாக நிற்குமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பனங்கூடல்:

நிற்கும். முழங்கையை எடுத்துவிடுங்கள், உன்னியை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.